ஒரு வேளைச் சாப்பாடாகவே சாலட்: ஊறவைப்பதிலிருந்து தட்டு வரை

வெள்ளரி, தக்காளி, கேரட் தலா 100 கிராம் நறுக்கி எலுமிச்சை பிழிந்தால் பெரிய கிண்ணம் ஒன்று நிறைந்துவிடும். ஆனால் மூன்றும் சேர்ந்து தருவது 75 கலோரி அளவுதான்; இரண்டு இட்லிக்குக்கூட ஈடாகாது. இரவு எட்டு மணிக்கு அதை மட்டும் சாப்பிட்டவருக்குப் பத்து மணிக்குப் பசிக்கத்தான் செய்யும். "சாலட் நமக்குச் சரிப்படாது" என்று கைவிடுபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள்.

இன்னொரு சறுக்கல், தண்ணீர். கிண்ணத்தின் அடியில் ரசம்போல் நீர் தேங்கி, உப்பும் புளிப்பும் அதில் இறங்கிவிட, மேலே இருக்கும் காய் சப்பென்று இருக்கும். செய்பவர் இன்னும் கொஞ்சம் உப்புப் போடுவார். அந்த உப்பு இன்னும் நீரை இழுத்துவிடும்.

இரண்டுக்கும் தீர்வு எதை எப்போது செய்கிறோம் என்பதில் இருக்கிறது. இரண்டு பேருக்கான கொண்டைக்கடலை–சாமை சாலட் ஒன்றை முழுதாகச் செய்து காட்டுகிறோம். வரிசை பிடிபட்டுவிட்டால் கடலைக்குப் பதில் பயறு, சாமைக்குப் பதில் தினை என்று மாற்றிக்கொள்வது சுலபம்.

## 1. எடுத்துவைக்க வேண்டியவை

இரண்டு பேருக்கான அளவு இது. டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி.

- வெள்ளைக் கொண்டைக்கடலை 120 கிராம் (வெந்தபின் ஏறக்குறைய 280 கிராம் ஆகும்)
- சாமை 80 கிராம்
- பனீர் 100 கிராம்
- வெள்ளரி 250 கிராம்
- தக்காளி 2, கெட்டியானது
- கேரட் 1, பெரியது
- முட்டைக்கோஸ் 150 கிராம், அல்லது லெட்யூஸ் 80 கிராம்
- பெரிய வெங்காயம் 1, சிறியது
- வறுத்த வேர்க்கடலை 40 கிராம் (பாதி டிரெஸ்ஸிங்குக்கு, அதாவது சாலட்டில் ஊற்றிக் கலக்கும் கலவைக்கு; பாதி மேலே தூவ)
- எலுமிச்சை 4
- கொத்தமல்லி ஒரு சிறு கட்டு, புதினா ஒரு கைப்பிடி
- பச்சை மிளகாய் 1, பூண்டு 1 சிறு பல், வெல்லம் அரை டீஸ்பூன்
- நல்லெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், கடலெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன்
- உப்பு, மிளகுத்தூள்

ஒருவருக்கு 25 கிராமுக்குக் குறையாமல் புரதம் வரும்படி போட்ட கணக்கு இது. கடலையில் 12, பனீரில் 9, வேர்க்கடலையில் 4 முதல் 5, மீதி சாமையில். கடலையையும் பனீரையும் பாதியாக்கிக் காயை இரட்டிப்பாக்கினால் கிண்ணம் இன்னும் அழகாகத்தான் தெரியும், ஆனால் அது சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைக்கும் பச்சடியாகிவிடும்.

பாத்திரங்களில் கட்டாயம் வேண்டியது ஒன்றுதான்: சாலட்டின் அளவைப்போல் இரண்டு மடங்கு கொள்ளும் அகலமான பேசின். சின்னக் கிண்ணத்தில் கிளறினால் கடலை அடியில் தங்கும், இலை கசங்கும். உடன் ஒரு வடிகட்டியும், சுத்தமான பழைய வேட்டித் துணி ஒன்றும் இருந்தால் போதும்.

## 2. முந்தின இரவு: உப்புத் தண்ணீரில் ஊறவைத்தல்

கடலையை இரண்டு முறை கழுவி, அரை லிட்டர் தண்ணீரில் ஒன்றரை டீஸ்பூன் உப்புக் கரைத்து அதில் 8 முதல் 10 மணி நேரம் ஊறவையுங்கள். கோடையில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்; நுரை கட்டிப் புளித்த வாடை வந்துவிடும். அதற்கு மேல் போகும் என்றால் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

உப்புப் போட்டால் கடலை வேகாது என்ற நம்பிக்கை பல வீடுகளில் உண்டு. நடப்பது நேர்மாறு. தோலை இறுக்கிப் பிடித்திருப்பது அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும். உப்பிலுள்ள சோடியம் அவற்றின் இடத்தில் போய் உட்காரும்போது தோல் இளகுகிறது. உள்ளே வெந்து தோல் மட்டும் வாயில் ரப்பராக நிற்கும் குறை இதில் போய்விடும்.

வேகவிடாமல் தடுக்கும் நிஜமான எதிரிகள் இரண்டு. ஒன்று, கடினத் தண்ணீர். போர் தண்ணீர் வரும் வீடுகளில் எத்தனை விசில் விட்டாலும் கடலை கல்லாக நிற்கக் காரணம் அந்த நீரிலுள்ள கால்சியம். ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிதண்ணீரைப் பயன்படுத்துங்கள். இரண்டு, புளிப்பு. எலுமிச்சை, புளி, தக்காளி எதுவும் வேகும் பாத்திரத்துக்குள் போகக் கூடாது.

நாள்பட்ட கடலை என்று சந்தேகம் இருந்தால் ஊறும் தண்ணீரில் இரண்டு சிட்டிகை சமையல் சோடா சேர்க்கலாம். கூடினால் சோப்பு வாடை அடிக்கும், கடலையும் கூழாகும்.

## 3. வேகவைத்தல்

ஊறின நீரை வடித்து, நன்றாக அலசி, கடலைக்கு மேல் இரண்டு விரல் உயரம் புதுத் தண்ணீர் ஊற்றி, அரை டீஸ்பூன் உப்புடன் குக்கரில் வையுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 12 முதல் 15 நிமிடம். பிறகு அணைத்துவிட்டு ஆவி தானாக அடங்கும்வரை விடுங்கள். விசிலைத் தூக்கி ஆவியைப் பிடுங்கினால் உள்ளே அழுத்தம் சட்டென்று இறங்கி, தோல் வெடித்துக் கழன்று மிதக்கும்.

பதம் பார்ப்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். சுண்டலுக்கு வேகவைப்பதுபோல் நிறுத்திவிடுகிறார்கள். சுண்டல் சூடாகத் தாளித்துச் சாப்பிடுவது. சாலட் ஆறின பிறகு சாப்பிடுவது. ஆற ஆறக் கடலை ஒரு பதம் இறுகும். அதனால் சுண்டலைவிட ஒரு படி கூடுதலாக வெந்திருக்க வேண்டும். ஒரு கடலையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்ல அழுத்துங்கள். உருவம் கெடாமல் இருந்து, அழுத்தியதும் வெண்ணெய்போல் நசுங்க வேண்டும். நடுவில் மாவுத் திப்பி தட்டுப்பட்டால் இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள். ஒரு கடலையோடு நிறுத்தாமல் மூன்று நான்கு எடுத்துப் பாருங்கள். ஒரே பையில் புதிதும் பழையதும் கலந்திருக்கும்.

வெந்த நீரில் கால் கப் எடுத்துவையுங்கள். டிரெஸ்ஸிங் கெட்டியானால் பச்சைத் தண்ணீருக்குப் பதில் இதை விடலாம், நீர்த்துப்போகாது.

## 4. சூடு ஆறுமுன் புளிப்பும் உப்பும்

பலரும் தாண்டிப் போய்விடும் படி இது. ருசியில் பாதி இங்கே இருக்கிறது.

கடலையை வடித்து, இரண்டு நிமிடம் ஆவி போகவிட்டு, கை பொறுக்கும் சூடு இருக்கும்போதே ஒரு எலுமிச்சையின் சாறு, கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் மிளகுத்தூள், ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் சேர்த்துக் குலுக்குங்கள். சூடான கடலை ஆறும்போது மேலிருக்கும் சாற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறின கடலைமேல் அதே சாற்றை ஊற்றினால் வழுக்கி அடியில் போய்விடும்; கடித்தால் உள்ளே வெறும் மாவு ருசிதான் இருக்கும்.

தாளிப்பு பிடித்தவர்கள் அதையும் இங்கேயே சேர்க்க வேண்டும். கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கடலைமேல் கொட்டுங்கள். கடைசியில் முழு சாலட்மேல் கொட்டினால் சூட்டெண்ணெய் பட்ட இலை அந்த நொடியே சுருண்டுவிடும்.

## 5. சாமையை உதிரியாக எடுத்தல்

சாமையைக் கழுவி வடித்து, வெறும் வாணலியில் இரண்டு மூன்று நிமிடம், ஈரம் போய் மணம் வரும்வரை வறுங்கள். சாமை அளந்த அதே கிண்ணத்தால் இரண்டு கிண்ணம் கொதிக்கும் நீர், ஒரு சிட்டிகை உப்பு. மூடி, குறைந்த தீயில் 10 முதல் 12 நிமிடம். அணைத்துப் பத்து நிமிடம் அப்படியே விட்டு, பிறகு முள்கரண்டியால் கிளறுங்கள். வறுப்பதால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டுவது குறையும். குக்கரில் வைத்தால் பொங்கல் பதம் வந்துவிடும், சாலட்டுக்கு ஆகாது.

வெந்ததைக் குவியலாக விடாதீர்கள். அகலத் தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, மின்விசிறிக்கடியில் 15 நிமிடம் ஆறவிடுங்கள். குவியலின் நடுவே சூடும் ஈரமும் தங்கிக் குழைவதுடன், கெடுவதும் அங்கிருந்துதான் தொடங்கும். அரிசியோ சிறுதானியமோ, வெந்த பண்டம் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு மணி நேரம்தான் எல்லை. அதில் வளரும் சிலவகைக் கிருமிகளின் நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

குதிரைவாலி, தினை, வரகு எதுவும் இதே முறையில் வரும். காலையில் வடித்த சாதம் ஃப்ரிட்ஜில் இருந்தால் அதையே உதிர்த்துப் போடலாம். தாராளமாக உப்பும் எலுமிச்சையும் கேட்கும்.

## 6. காய்: நீரை முன்பே வெளியே எடுத்துவிடுதல்

வெள்ளரியில் 95 சதவீதம் தண்ணீர், தக்காளியில் 94. உப்புப் பட்டதும் அந்த நீர் வெளியே வரும். அது எப்படியும் நடக்கத்தான் போகிறது. தட்டில் நடக்கவேண்டாம், வடிகட்டியில் நடக்கட்டும்.

வெள்ளரியின் இரு முனையையும் வெட்டி ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயையே ஒதுக்குங்கள். ஒன்று கசந்தால் போதும், முழுக் கிண்ணமும் கசக்கும். நீளவாக்கில் நான்காகப் பிளந்து, முற்றிய விதை இருந்தால் ஸ்பூனால் வழித்துவிட்டு, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். அரை டீஸ்பூன் உப்புச் சேர்த்துப் பிசறி வடிகட்டியில் போட்டு, கீழே கிண்ணம் வையுங்கள்.

ஐந்து நிமிடத்தில் துண்டுகளின் மேல் வியர்வைபோல் முத்துகள் கட்டும். பத்தாவது நிமிடத்தில் கீழே சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பிக்கும். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் கிண்ணத்தில் இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் நீர் நிற்கும். காயைத் துணியில் போட்டு மெல்ல ஒற்றி எடுங்கள். கழுவ வேண்டாம், ஒட்டியிருக்கும் உப்பு காய்க்கே போதும். இந்தக் காய் இனி டிரெஸ்ஸிங்கை நீர்க்க வைக்காது, கடிக்கவும் நறுக்கென்று இருக்கும்.

தக்காளியை நான்காகப் பிளந்து விதையையும் சாற்றையும் தனியே எடுத்துவிட்டு, சதையை மட்டும் நறுக்குங்கள். எடுத்த சாறு நாளை ரசத்துக்கு ஆகும். தளதளவென்று பழுத்த நாட்டுத் தக்காளி குழம்புக்கு அருமை, இங்கே கரைந்துவிடும். கெட்டியாக, லேசான செங்காயாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

முட்டைக்கோஸை முடிந்தவரை மெல்லியதாகச் சீவி, கால் டீஸ்பூன் உப்புடன் ஒரு நிமிடம் கையால் அழுத்திப் பிசைந்து பத்து நிமிடம் விட்டுப் பிழியுங்கள். பிசையாத கோஸ் வைக்கோல்போல் வாயில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கேரட்டைத் துருவாதீர்கள். துருவியது சாற்றைவிட்டுக் கூழாகும். தோல் சீவும் கருவியால் நீள நாடாவாகச் சீவினால் மென்மையும் கடிப்பும் சேர்ந்து கிடைக்கும். கேரட்டுக்கு உப்பு ஊறல் வேண்டாம்.

வெள்ளரிக்குப் பதில் வாழைத்தண்டு போடுவதானால் வட்டமாக நறுக்கும்போதே ஒவ்வொரு வட்டத்துக்கும் நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டு, உடனே நீர்மோரில் போடுங்கள். காற்றுப் பட்டால் கறுக்கும். மோரின் புளிப்பு அதைத் தடுக்கும். போடுமுன் பிழிந்து எடுங்கள். மாங்காய்ப் பருவத்தில் அரை மாங்காயைப் பொடியாக நறுக்கிச் சேர்த்தால் டிரெஸ்ஸிங்கில் எலுமிச்சையைப் பாதியாக்க வேண்டும். பீட்ரூட்டைப் பரிமாறும் தட்டில் கடைசியாக வையுங்கள். கூடக் கலந்தால் பனீர் உட்பட எல்லாம் ஒரே நிறமாகிவிடும்.

## 7. வெங்காயம்

மெல்லிய பிறையாக நறுக்கி, குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் போட்டு வடியுங்கள். நறுக்கும்போது வெளிவரும் காரமான கந்தகப் பொருள் நீரில் கரைந்து போய்விடும். இரவு முழுக்க வாயில் வெங்காய வாடை நிற்காது. வடித்தபின் அரை எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துவைத்தால் கால் மணி நேரத்தில் ரோஜா நிறமாக மாறும்.

## 8. இலை

லெட்யூஸ் கிடைக்கும் ஊரில் அதைப் போடலாம். கிடைக்காவிட்டால் கோஸ், கொத்தமல்லி, புதினா மூன்றே போதும். அரைக்கீரை, சிறுகீரை, முருங்கைக்கீரை எல்லாம் வேகவைத்துச் சாப்பிட ஏற்றவை. பச்சையாகப் போட்டால் சொரசொரப்பும் கடுப்பும் மற்ற எல்லா ருசியையும் மூடிவிடும்.

பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் எடுத்து, இலைகளை முக்கி அலசி, மேலிருந்து கையால் அள்ளி எடுங்கள். மண் அடியில் தங்கிவிடும். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் அதே மண் திரும்ப இலைமேல் கொட்டும். பச்சையாகச் சாப்பிடப் போவதால் அடியில் மண் தெரியாத வரை, குறைந்தது மூன்று முறை, தண்ணீரை மாற்றி அலசுங்கள்.

பிறகு காயவைப்பது. வேட்டித் துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, பாயைச் சுருட்டுவதுபோல் தளர்வாகச் சுருட்டிப் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஈர இலையில் எண்ணெய் ஒட்டாது. டிரெஸ்ஸிங் எல்லாம் வழிந்து அடிக்குப் போகும். இலையைக் கையால் ஒரு வாய் அளவுக்குக் கிள்ளிப் போடுங்கள். பெரிய இலையைத் தட்டில் போட்டுவிட்டுச் சாப்பிடுபவரைத் திண்டாட விடக் கூடாது.

## 9. டிரெஸ்ஸிங்

வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் எண்ணெய் மூன்று பங்கு, புளிப்பு ஒரு பங்கு என்று இருக்கும். கடலையும் சாமையும் மந்தமான ருசி உள்ளவை, நம் நாக்கும் புளிப்பு கேட்பது. இங்கே எண்ணெயும் எலுமிச்சையும் ஏறக்குறைய சமம் வைத்து, வேர்க்கடலையைக் கொண்டு அதைக் கெட்டிப்படுத்துகிறோம்.

வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 20 கிராமை முதலில் தனியாக, விட்டு விட்டு ஓட்டிப் பொடியுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டு மிக்ஸி ஜாடியில் அப்பிக்கொள்ளும். பொடி ஆனபின் பச்சை மிளகாய், பூண்டு, கொத்தமல்லித் தண்டு, வெல்லம், கால் டீஸ்பூன் உப்பு, ஒன்றரை எலுமிச்சைச் சாறு, மூன்று டேபிள்ஸ்பூன் நீர் சேர்த்து விழுதாக்குங்கள். தண்ணீரை முதலிலேயே ஊற்றிவிட்டால் வேர்க்கடலை அரைபடாமல் நீரில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

விழுதைக் கிண்ணத்தில் வழித்து, இரண்டு எண்ணெய்களிலும் மீதமிருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி முள்கரண்டியால் அடியுங்கள். ஒரே மூச்சில் ஊற்றினால் எண்ணெய் மேலே பிரிந்து மிதக்கும். சிறுகச் சிறுக ஊற்றினால் வேர்க்கடலை அதைப் பிடித்துக்கொள்ளும். கரண்டியைத் தூக்கினால் இட்லி மாவைவிடச் சற்று நீர்க்க, நாடாவாக விழ வேண்டும். முழுவதும் நல்லெண்ணெயாகப் போட்டால் அதன் மணம் மற்றதை அமுக்கும், அதனால்தான் பாதிக்குப் பாதி. தேங்காய் எண்ணெய் பச்சையாக நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஃப்ரிட்ஜில் வைத்த சாலட்டுக்கு ஆகாது. 24 டிகிரிக்குக் கீழே உறைந்து கடலைமேல் மெழுகுபோல் படியும்.

எண்ணெயே வேண்டாம் என்று விடுபவர்கள் உண்டு. கேரட்டின் பீட்டா கரோட்டினை உடல் எடுத்துக்கொள்ளக் கொழுப்பு வேண்டும். வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கவும் கொழுப்பு உதவுகிறது. ஒருவருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் என்பது இரண்டு தோசைக்குச் சுற்றி விடுவதைவிட அதிகம் அல்ல.

ருசி பார்க்க விரலால் தொட்டு நக்கிப் பார்க்காதீர்கள். ஒரு வெள்ளரித் துண்டையோ கோஸ் இலையையோ தோய்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள். தனியாகச் சுவைத்தால் டிரெஸ்ஸிங் கொஞ்சம் தூக்கலாகத் தெரிவதுதான் சரி. அது ஒரு கிலோ பண்டத்தில் பரவப் போகிறது. தனியாகவே அளவாக இருந்தால் சாலட்டில் காணாமல் போகும்.

தயிர் டிரெஸ்ஸிங் விரும்பினால் ஒரு கப் தயிரைத் துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, வறுத்த சீரகப்பொடி, புதினா, உப்புடன் அடித்துக்கொள்ளுங்கள். தயிரோ பனீரோ இருக்கும் சாலட்டில் பச்சை அன்னாசி வேண்டாம். அதிலுள்ள நொதி பால் புரதத்தை உடைத்துச் சிறிது நேரத்திலேயே கசப்பாக்கிவிடும்.

## 10. சேர்க்கும் வரிசை

இதற்குள் எல்லாம் தனித்தனிக் கிண்ணங்களில் தயாராக இருக்க வேண்டும். கடலையும் சாமையும் முழுதாக ஆறியிருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தாலும் இலை வாடும்.

முதலில் பேசினில் கடலை, சாமை, கேரட், கோஸ். முக்கால் பங்கு டிரெஸ்ஸிங்கை இவற்றின்மேல் ஊற்றிக் கையால் அடியிலிருந்து அள்ளி அள்ளிக் கலக்குங்கள். கனமானவை அதிகம் உறிஞ்சும், பிசைவதையும் தாங்கும்.

அடுத்து வெள்ளரி, தக்காளி, வெங்காயம். இரண்டு முறை அள்ளிப் போட்டால் போதும்.

பிறகு பனீர். ஒரு சென்டிமீட்டர் துண்டாக்கி, உப்புப் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் வைத்து வடித்து, துணியில் ஒற்றி, தோசைக்கல்லில் ஒரு பக்கம் மட்டும் சிவக்கவிட்டு ஆறவையுங்கள். வெந்நீரில் போடாத கடைப் பனீர் ஃப்ரிட்ஜின் குளிரில் ரப்பராக இருக்கும், உப்பும் ஏறியிருக்காது.

கடைசியாக லெட்யூஸ், கொத்தமல்லி இலை, புதினா, மீதி டிரெஸ்ஸிங். ஒரே ஒரு புரட்டு. இலையை வாடவைப்பதில் உப்பைப்போலவே எண்ணெய்க்கும் பெரிய பங்கு உண்டு. இலையின் மேல் இருக்கும் மெழுகுப் படலத்தை அது ஊடுருவிவிடும். கலந்த பத்து நிமிடத்துக்குள் சாப்பிட உட்கார வேண்டும் என்பது இதனால்தான்.

மீதி வேர்க்கடலையை ஒன்றிரண்டாக உடைத்துத் தட்டில் பரிமாறிய பிறகு தூவுங்கள். பேசினில் சேர்த்தால் ஐந்து நிமிடத்தில் நமுத்துவிடும். ஒரு கடி மொறுமொறுப்பு இல்லாமல் இவ்வளவு பெரிய கிண்ணத்தைச் சாப்பிட்டு முடிப்பது சலிப்பாக இருக்கும்.

இப்போது உப்புப் பாருங்கள், முன்னால் அல்ல. கடலை, சாமை, வெள்ளரி, கோஸ், வெங்காயம், பனீர், டிரெஸ்ஸிங் என்று ஏழு இடத்தில் உப்புச் சேர்ந்திருக்கிறது. குறை தெரிந்தால் பெரும்பாலும் அது புளிப்புக் குறைதான்; மிச்சமிருக்கும் எலுமிச்சையில் சில சொட்டு விட்டுப் பார்த்தபின் உப்பைத் தொடுங்கள்.

## 11. கடலைக்கும் பனீருக்கும் மாற்று

பச்சைப்பயறு: எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி 12 முதல் 18 மணி நேரத்தில் முளை வரும். முளைவிடும் அதே கதகதப்பில் கிருமியும் பெருகும். அதனால் இட்லிப் பானையில் நான்கைந்து நிமிடம் ஆவி காட்டிப் போடுங்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்களுக்கு நன்றாகவே வேகவைக்க வேண்டும்.

முட்டை: ஒருவருக்கு இரண்டு, 12 கிராம் புரதம். கொதிக்கும் நீரில் மெல்ல இறக்கி பத்து நிமிடம், உடனே குளிர்ந்த நீர். அதற்கு மேல் கொதித்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சைச் சாம்பல் வளையம் கட்டும். பேசினில் கலக்காமல் தட்டில் மேலே வையுங்கள். கலக்கினால் மஞ்சள் கரு கரைந்து எல்லாவற்றிலும் அப்பும்.

கோழி: எலும்பில்லாத நெஞ்சுக்கறி ஒருவருக்கு 120 கிராம். உப்பு, மிளகு, மஞ்சள் தடவி அரை மணி நேரம் வைத்து, தோசைக்கல்லில் பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம். தடித்த இடத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. வெப்பமானி இருந்தால் 74 டிகிரி. ஐந்து நிமிடம் ஆறவிட்டபின் இழைக்குக் குறுக்கே நறுக்குங்கள். சூட்டோடு நறுக்கினால் சாறு பலகையில் ஓடி, கறி பஞ்சாகும்.

## 12. மதியத்துக்குக் கட்டுவதும், எடுத்துவைப்பதும்

அலுவலகத்துக்குக் கட்டினால் கலக்காமல் அடுக்குங்கள். உயரமான டப்பாவின் அடியில் டிரெஸ்ஸிங், அதன்மேல் கடலை, பிறகு கேரட்டும் கோஸும், அடுத்து சாமை, பனீர், மேலே வெள்ளரி, உச்சியில் இலை. கடலை டிரெஸ்ஸிங்கில் ஊறினால் இன்னும் ருசிக்கும். சாமை இடையில் தடுப்பாக நின்று ஈரம் மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ளும். வேர்க்கடலை தனிப் பொட்டலம். சாப்பிடும்போது அகலத் தட்டில் கவிழ்த்தால் டிரெஸ்ஸிங் தானாக மேலிருந்து இறங்கும். தக்காளி வேண்டாம், எவ்வளவு வடித்தாலும் மதியத்துக்குள் கசியும். காலை எட்டுக்குக் கட்டி ஒரு மணிக்குச் சாப்பிடுவதானால் அலுவலகத்தில் ஃப்ரிட்ஜ் இருக்க வேண்டும். இல்லையென்றால் பனீர், முட்டை, கோழி, தயிர் டிரெஸ்ஸிங் எதையும் சேர்க்காமல், குளிர்பைக்குள் ஐஸ் கட்டி வைத்து அனுப்புங்கள்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்பவர்கள் ஞாயிறன்று கடலையை இரட்டிப்பாக வேகவைத்து, எலுமிச்சை சேர்த்த நிலையில் மூடிய டப்பாவில் வைக்கலாம். ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். சாமை இரண்டு நாள். கழுவிக் காயவைத்த இலை துணியோடு சுருட்டிய நிலையில் மூன்று நாள் மொறுமொறுப்பாக இருக்கும். டிரெஸ்ஸிங்கும் மூன்று நாள், ஆனால் கட்டாயம் ஃப்ரிட்ஜில். பச்சைப் பூண்டு எண்ணெயில் கிடந்து வெளிச்சூட்டில் நின்றால் கொடிய நச்சு உண்டாகும் ஆபத்து இருக்கிறது. வெள்ளரியும் தக்காளியும் வெங்காயமும் அன்றன்றைக்கு நறுக்க வேண்டியவை.

கலந்த சாலட் மிஞ்சினால், உடனே ஃப்ரிட்ஜில் வைத்தாலும் காலையில் அதைச் சாலட்டாகச் சாப்பிட முடியாது. இலையை எடுத்துப் போட்டுவிட்டு, மீதியை வாணலியில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து ஐந்து நிமிடம் நன்றாகச் சூடேற வதக்கினால் நல்ல காலைச் சுண்டல்.